நிலக்கரி முனையமும் மழைத்தண்ணீரின் வழியும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் ஊருக்கு நிலக்கரி ரயில் முனையம் வரப்போகிறது என்றால் மக்கள் முதலில் பயப்படுவது தூசிக்குத்தான். துணியில் படிகிறது, மூச்சில் ஏறுகிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மழைநீர் வடிகால் வேலையிலேயே பல வருடம் இருந்த எனக்கு, இன்று அங்கே பெய்கிற மழை எந்த வழியாக எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்கத்தான் முதலில் தோன்றும்.

அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில், லாங்வியூ என்று ஓர் ஊர். கொலம்பியா ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலம். ஆற்று வெள்ளம் ஊருக்குள் வராதபடி கரை எழுப்பியிருக்கிறார்கள். சரி, வெள்ளம் வராது. ஆனால் உள்ளே பெய்த மழையும் தானாக வெளியே போகாதே! அதனால் ஊரெங்கும் வாய்க்கால் வெட்டி, அதில் சேரும் தண்ணீரைப் பம்பு வைத்து வெளியே இறைக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில், பழைய அலுமினிய ஆலை இருந்த நிலத்தில், சுமார் 190 ஏக்கரில் ஒரு முனையம் கட்ட மில்லேனியம் என்ற நிறுவனம் அனுமதி கேட்டது. ஆண்டுக்கு 4.4 கோடி டன் நிலக்கரியை ரயிலிலிருந்து இறக்கிக் கப்பலில் ஏற்றுவது திட்டம். தினமும் 8 ரயில்கள் கரியோடு வரும், 8 ரயில்கள் காலியாகத் திரும்பும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். 190 ஏக்கருக்கு 1.9 கோடி லிட்டர். புல்லும் சேறுமாக இருக்கிற தரை அதில் ஒரு பங்கைக் குடித்துவிடும், மிச்சத்தை மெல்ல விடும். மண்ணை இறுக்கிக் கான்கிரீட் போட்டால் அதே மழை ஒரேயடியாக ஓடிவரும். வரும் வழியில் கரித்தூளையும் அள்ளிக்கொண்டு வரும்.

முனையத்துக்குள் விழும் மழையைத் தேக்கி, சுத்தம் செய்து, தூசியடக்கத் தெளிக்கத் திட்டத்திலேயே இடம் இருந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வேலிக்கு வெளியே?

வயோமிங் மாநிலத்து நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வரும் ரயில் பாதையில் 2005 மே மாதம் அடுத்தடுத்து இரண்டு நிலக்கரி ரயில்கள் தடம் புரண்டன. தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஜல்லி வெறும் மெத்தை மட்டும் இல்லை. மழைத்தண்ணீர் இறங்கிப்போக இடைவெளி கொடுப்பதும் அதுதான். பெட்டிகளிலிருந்து வருடக்கணக்கில் உதிர்ந்த கரித்தூள் அந்த இடைவெளியை அடைத்துவிட்டது. மழையும் பனியும் சேர்ந்தபோது தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் பாதையே இளகிப்போனது. பெட்டிக்கு 500 பவுண்டு, அதாவது 225 கிலோவுக்கு மேல்கூட உதிரலாம் என்று ரயில் நிறுவனமே கணக்குச் சொன்னது. அப்புறம்தான் கரியின் மேல் பசை போன்ற திரவத்தைத் தெளிக்கும் விதி வந்தது. உதிர்வது குறைந்தது. ஆனாலும் முழுதாக நிற்கவில்லை.

அதனால்தான் திட்ட எல்லைக்கோட்டோடு நிற்கிற ஆய்வை என்னால் ஏற்க முடிவதில்லை. பாதை எத்தனை ஓடைகளைக் கடக்கிறது, பாதைக்கு அடியில் ஓடையை விடுகிற ஒவ்வொரு குழாய்ப்பாலமும் எவ்வளவு தண்ணீரை விடும், அடைத்துக்கொண்டால் யார் வீட்டுப் பக்கம் திரும்பும்? ஓடையோரமாக நடந்து பார்த்தால்தான் இது தெரியும், அதுவும் மழைக்காலத்தில். கோடையில் எடுத்த படங்களோடு வந்த அறிக்கைகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். வறண்ட ஓடைக்கு ஒரு சின்னக் குழாயே தாராளம் என்று அவை சொல்லும். படிக்கும்போதே வயிற்றைக் கலக்கும்.

லாங்வியூவில் 2017 செப்டம்பரில் மாநிலச் சூழலியல் துறை தண்ணீர்த் தரச் சான்றிதழ் தர மறுத்தது. 24 ஏக்கர் ஈரநிலம் அழியும், சுமார் 41 ஏக்கர் ஆற்றுப்படுகையைத் தோண்ட வேண்டியிருக்கும், பழங்குடியினர் தங்கள் மீன்பிடி இடங்களுக்குப் போவது தடைபடும் என்பதெல்லாம் காரணங்களில் இருந்தன. இதை எதிர்த்து, கரி விளையும் வயோமிங்கும் மொன்டானாவும் உச்ச நீதிமன்றத்துக்கே போயின. 2021 ஜூனில் நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. முனையம் கட்டப்படவில்லை.

நன்றி, வணக்கம்.