காந்தக் காப்பும் காந்த மெஷினும்

சுங்கை சிப்புட் வட்டார நேயர்களுக்கு வணக்கம். செம்பனை வெட்டுகிறவர்களிடம் கழுத்து வலியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நீளக் கம்பில் கட்டிய அரிவாளைத் தூக்கிப் பிடித்து, அண்ணாந்தபடியே குலையை அறுக்க வேண்டும். அறுத்த குலை 20 கிலோகூட இருக்கும், அதையும் தூக்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் அம்மாமார்களுக்கோ குனிந்து குனிந்தே இடுப்பும் முழங்காலும் போய்விட்டன.

பசார் மாலம் என்ற இரவுச் சந்தையில், கையில் போடும் காந்தக் காப்பு விற்பவருக்கு இவர்கள்தான் வாடிக்கை. பிசியோதெரபி நிலையங்களிலும் இப்போது மெஷின் வைத்துக் காந்த சிகிச்சை உண்டு. இரண்டும் ஒன்றுதானே என்கிறார்கள். ஒன்றே இல்லை.

காந்தப்புலம் மாறினால்தான் அதிலிருந்து மின்சாரம் பிறக்கும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டது இது. மெஷினில் உள்ள செம்புச் சுருளில் மின்சாரம் கண நேரம் பாய்ந்து நிற்கும், மறுபடி பாயும். புலம் எழுந்து அடங்கும் ஒவ்வொரு முறையும் தோலுக்குக் கீழுள்ள நரம்பில் சின்ன மின்னோட்டம் உண்டாகிறது. சுருளை இடுப்பில் வைத்தால் ‘டக் டக்’ என்று சத்தம் வரும். நீங்கள் அசைக்காமலே தசை துள்ளும். சட்டையைக்கூடக் கழற்ற வேண்டாம். இதே முறையில்தான் 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் குழுவினர் மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். காப்பில் இருக்கும் காந்தமோ மாறாமல் சும்மா கிடக்கிறது. அது வலியைக் குறைக்கும் என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்கலாம்.

சரி, மெஷின் வலியைப் போக்குமா? இடுப்பு, கழுத்து வலி சிலருக்குக் கொஞ்ச காலம் தணிகிறது. ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. தேய்ந்த மூட்டை அது வளர்த்துத் தராது. மூட்டு புதுசாகிவிடும் என்று யாராவது பேக்கேஜ் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். வலி தணிந்திருக்கும்போது பயிற்சி செய்தால்தான் லாபம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி, மெல்ல இறக்குங்கள். தொடைத் தசை பலமானால் முழங்காலுக்குச் சுமை குறையும்.

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி பொருத்தியவர்கள், கர்ப்பிணிகள் இந்த மெஷினிடம் போக வேண்டாம். எலும்புக்குப் பிளேட் வைத்திருந்தாலோ வலிப்பு வந்திருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலையில் அடிபட்டு வந்த வலியென்றால், காசு கட்டுவதற்கு முன் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். சந்தா கட்டும் தொழிலாளர்களுக்கு அங்கே மறுவாழ்வு சிகிச்சைக்கு வழி உண்டு. அப்புறம், இடுப்பு வலியோடு கால் மரத்துப்போய், சிறுநீரும் கட்டுப்படவில்லை என்றால் எந்த மெஷினும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.