அருவிக்கு அரை மணி, தைலக் கடைக்கு முக்கால் மணியா?

வணக்கம் மக்களே! குரல் கரகரன்னு இருக்கும், கண்டுக்காதீங்க. நேத்து பூரா ஏற்காட்டு மழையில நனைஞ்சிருக்கேன். குரூப் டூர்னாலே எனக்கு ஆகாதுன்னு நம்ம பழைய ஆளுங்களுக்குத் தெரியும். அப்புறம் ஏன் போனே? எங்க அத்தை. "வேன்ல ஒரு சீட்டு காலியா இருக்கு கண்ணு, தொணைக்கு வா"ன்னாங்க. போயாச்சு.

அடிவாரத்துலேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவுக்கும் ஸ்பீக்கர்ல குத்துப்பாட்டு. அதைக்கூட விட்டுடலாம். கிளியூர் அருவிக்கு எவ்ளோ நேரம் குடுத்தாங்க தெரியுமா? அரை மணி நேரம்! வண்டியில உக்காந்தே பார்க்கிற இடமா அது? படியில இறங்கணும், கீழே போகப் போக பாறை, பாசி, வழுக்கல். திரும்பி ஏறுறப்போ முழங்கால் கெஞ்சும்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தைலக் கடையில நிறுத்தினாங்க பாருங்க, முக்கால் மணி நேரம்! யூகலிப்டஸ் தைலம், முடி எண்ணெய், மூட்டு வலி எண்ணெய்னு ஒவ்வொண்ணா கையில தடவி விடுறாங்க. கட்டை விரல் அளவு பாட்டில் 280 ரூபா. எதிர்லயே பெட்டிக்கடையில அதே சைஸ் 90! ரெண்டையும் பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்திருக்கேன், இதோ காட்டுறேன்... ஆங், பார்த்துக்கங்க. 190 ரூபா வித்தியாசம்! நாலு தட்டுவடை செட் வந்திருக்கும்யா.

சரி, அருவி. வேன் கதவு திறந்ததும் நான் இறங்கி ஓடியே போயிட்டேன். மத்தவங்க பேனர் பிடிச்சு குரூப் போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. கீழே போனா, யப்பா... 300 அடி உசரம், பாறையே தெரியல, மொத்தமும் வெள்ளை. சாரல் கேமரா லென்ஸ் மேலயே அடிக்குது. குளிக்கல, அந்த வேகத்துல கிட்டவே போகக்கூடாது.

அட, முக்கியமானதை விட்டுட்டேனே. ஏற்காடு ஏரி நிரம்பி வழியிற தண்ணிதாங்க இங்க வந்து விழுறது. அதனால மழைக்கு அப்புறம் போனாத்தான் அருவி. கோடையில எடுத்த வீடியோவுக்கு "அருவி எங்கடா, பாறையைக் காட்டுறே"ன்னு கலாய்ச்சீங்கல்ல? இப்போ பாருங்கடா! ஏரி நிறைஞ்சிருக்கான்னு ஏற்காட்டுல யாரையாவது கேட்டுட்டுக் கிளம்புங்க.

அத்தை அந்த 280 ரூபா பாட்டில்ல ரெண்டு வாங்கிட்டாங்க. ஒண்ணு எனக்காம்.