முண்டாசு இறுகுவது போல ஒரு வலி

[காட்சி: தறிவீடு. பாவின் மீது கவிழ்ந்த தலை. இழையைப் பிணைக்கும் விரல்கள்.]

கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில் பட்டு நெய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இழை அறும்போதெல்லாம் கழுத்தை வளைத்து, கண்ணைச் சுருக்கி, அதைப் பிணைத்துவிட்டு மறுபடி நெய்கிறார். பிற்பகல் ஆனதும் பிடரியில் ஒரு பிடிப்பு தொடங்கி, மெல்ல மேலேறி, இரு பொட்டுகளையும் நெற்றியையும் வளைத்துக்கொள்கிறது. எப்படி வலிக்கிறது என்று கேட்டால், குத்துகிறது என்றோ விண்விண்ணென்று தெறிக்கிறது என்றோ அவர் சொல்லமாட்டார். தலையில் கட்டிய முண்டாசை யாரோ இறுக்கிக்கொண்டே போவது போல இருக்கிறது என்பார். டென்ஷன் தலைவலியை அடையாளம் காண இதைவிடத் தெளிவான வாக்குமூலம் தேவையில்லை.

பெயரைக் கேட்டதும், "எனக்கு ஒரு டென்ஷனும் இல்லையே" என்று மறுப்பவர்கள் உண்டு. மனக்கவலை இதைத் தூண்டலாம் என்பது உண்மையே. ஆனால் தூக்கக் குறைவும், வேளை தவறிய சாப்பாடும், நெடுநேரம் ஒரே நிலையில் குனிந்திருப்பதும்கூடத் தூண்டலாம்.

[காட்சி: சுவாமிமலைக் கோயில் படிகள்.]

இந்த வலியை, அதில் இருப்பதைக் கொண்டு அறிவதைவிட இல்லாததைக் கொண்டு அறிவது எளிது. சுவாமிமலையில் தமிழ் ஆண்டுகளின் பெயரால் அமைந்த 60 படிகளை, டென்ஷன் தலைவலியோடு ஒருவர் ஏறினால், வலி பெரும்பாலும் ஏறும்போது இருந்த அளவிலேயே இருக்கும். மைக்ரேன் உள்ளவருக்கோ படிக்குப் படி மண்டை அதிரும், வயிற்றைப் புரட்டும், வெளிச்சமும் நாதஸ்வர ஓசையும் ஒருசேரத் தாங்கமுடியாமல் போகும். டென்ஷன் தலைவலியில் வாந்தி வருவதில்லை. வெளிச்சம், சத்தம் ஆகிய இரண்டில் ஏதேனும் ஒன்று மட்டும் சற்று உறுத்தலாம். வேலையை மந்தமாக்குமே தவிர, பொதுவாக ஆளைப் படுக்கையில் தள்ளாது. மைக்ரேனை நாம் ஒற்றைத் தலைவலி என்று சொல்லிப் பழகிவிட்டதால் ஒரு குழப்பம் நேர்கிறது: அதுவும் சிலருக்கு இருபுறமும் வரும். ஆகவே, பக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது.

[காட்சி: விரல் நுனிகள் பொட்டிலிருந்து தோள் வரை நகர்கின்றன.]

இரண்டு விரல்களால் பொட்டு, தாடைத் தசை, பிடரி, தோள்பட்டையின் மேல்விளிம்பு ஆகிய இடங்களை வட்டமாக அழுத்திப் பாருங்கள். டென்ஷன் தலைவலி உள்ள பலருக்கு, "அங்கேதான்" என்று சொல்லவைக்கும் நோவு இந்தத் தசைகளில் தட்டுப்படும்.

ஒருமுறை வந்தால் இவ்வலி 30 நிமிடத்தில் விலகலாம், 7 நாள் வரையும் நீடிக்கலாம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வந்து, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால், அது நாள்பட்டது என வகைப்படுத்தப்படும். இங்கே மாத்திரையையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெட்டிக்கடையில் வாங்கிய வலிமாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது நம் ஊர்களில் சாதாரணம். ஆனால் பாராசிட்டமால் போன்றவற்றையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களைக் கடந்தும் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடலாம். எனவே வலித்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் வெவ்வேறு குறியிட்டு, அந்தத் தாளையே மருத்துவரிடம் காட்டுங்கள்.

[காட்சி: அவசர ஊர்தியின் விளக்கு.]

ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கும் தலைவலியையும், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவதையும் டென்ஷன் தலைவலி என்று நீங்களாகவே பெயரிட்டுவிடாமல், விரைவில் மருத்துவரைப் பாருங்கள். இடி விழுந்தாற்போல் நொடியில் உச்சத்தைத் தொடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், ஒரு பக்கக் கைகால் தளர்தல், பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வைக் குறைவு, தலையில் அடிபட்ட பின் வலி கூடுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும், தைலம் தேய்த்துக்கொண்டு விடியும் வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.