லஞ்சம் கேட்கிறார்கள், கொடுத்தால் நானும் குற்றவாளியா?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மாமனார் தவறிவிட்டார், வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம், "மேலே வரைக்கும் கவனிக்கணும்" என்று சொல்லி ஐயாயிரம் கேட்கிறார்கள், கொடுத்தால் நானும் குற்றவாளியா, புகார் செய்தால் என் வேலை நின்றுவிடுமா என்று.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊழல் தடுப்புச் சட்டம் 1988-இல் வந்தது. வாங்குகிற அரசு ஊழியருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2018-இல் அதைத் திருத்தினார்கள், அதிலிருந்து கொடுப்பதும் நேரடியாகவே குற்றம், 7 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஆனால் உங்களைக் கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால், கொடுத்த 7 நாளுக்குள் போய் புகார் சொல்லிவிட்டால் உங்கள் மேல் குற்றம் வராது. அதைவிட நல்லது, கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி போய்க் கொடுப்பது. அதற்கும் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை அல்லவா, அப்போது இந்த வழியில்தான் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறை மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறது. நேரில் போய் யார் கேட்டார், எவ்வளவு கேட்டார், எந்த வேலைக்குக் கேட்டார் என்று எழுதிக் கொடுங்கள். நீங்கள் கொடுக்கப்போகிற நோட்டுகளின் நம்பர்களைக் குறித்துக்கொண்டு அதில் பினாப்தலீன் என்ற ரசாயனப் பொடி தடவுவார்கள், பேப்பரில் 'ரசாயனம் தடவிய நோட்டு' என்று போடுவது இதைத்தான். சாட்சிக்கு வேறு துறை அரசு ஊழியர்களை அழைத்து வருவார்கள், ஒருவர் உங்கள் கூடவே வருவார். லஞ்சம் வாங்குபவர் கேட்டால்தான் பணத்தைக் கொடுக்க வேண்டும், நீங்களாகப் போய் கையில் திணிக்கக் கூடாது, இதை நன்றாக நினைவில் வையுங்கள், ஏனென்றால் அவர் கேட்டார் என்பது நிரூபணமாகாவிட்டால் வழக்கே நிற்காது. அவர் வாங்கியதும் நீங்கள் சைகை காட்டுவீர்கள், அதிகாரிகள் உள்ளே வந்து அவர் விரல்களை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைக்கச் சொல்வார்கள், விரலில் அந்தப் பொடி ஒட்டியிருந்தால் நிறமில்லாத தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறிவிடும். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து சீல் வைத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். பிறகு கோர்ட்டில் சாட்சி சொல்ல உங்களைக் கூப்பிடுவார்கள், அப்போது பின்வாங்கிவிடாதீர்கள். புகார்தாரர் பிறழ்சாட்சியானாலும், அதாவது முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொன்னாலும், மற்ற ஆதாரங்களை வைத்துத் தண்டிக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது, ஆனாலும் உங்கள் வாக்குமூலத்துக்கு இருக்கிற பலம் வேறு.

"ஐயாயிரம்தானே, கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள்" என்று உங்கள் வீட்டிலேயே சொல்வார்கள். இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். உங்களால் புரட்ட முடிகிறது, சரி. உங்களுக்குப் பின்னால் விதவை உதவித்தொகைக்கு ஒரு அம்மா நிற்கிறார், அவருக்கு வருவது மாதம் 1,200 ரூபாய். அவரிடம் மூவாயிரம் கேட்டால் இரண்டரை மாதப் பணம் கைக்கு வருவதற்கு முன்பே போகிறது, அதையும் அவர் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். நாம் ஒவ்வொருவரும் கொடுக்கக் கொடுக்க அதுதான் ரேட் என்று ஆகிவிடுகிறது, கொடுக்க முடியாதவரின் மனு அடியிலேயே கிடக்கிறது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கிற வருமானச் சான்று, சாதிச் சான்று தாமதமானால் ஒரு பிள்ளையின் கல்லூரி அட்மிஷனே போய்விடும். அதே அலுவலகத்தில் பைசா வாங்காமல் வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் 'பிழைக்கத் தெரியாதவர்' என்று சொல்லிச் சொல்லியே ஓரங்கட்டிவிடுகிறோம்.

அப்புறம், வேலை நின்றுவிடுமா என்று கேட்டீர்கள். அந்த பயம் நியாயமானது. விண்ணப்ப எண் உள்ள ரசீதைப் பத்திரமாக வையுங்கள், ஆன்லைனில் அது யாரிடம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், என் விண்ணப்பத்தின் மேல் தேதிவாரியாக என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடமும் மனு கொடுங்கள், அந்த மனுவுக்கும் ரசீது கேட்டு வாங்குங்கள். பணம் கேட்டு போன் வந்திருந்தால் அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள், புகார் கொடுக்கப் போகும்போது போனையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.