தாலி நகரத்துப் பால் விசிறி

நேயர்களுக்கு வணக்கம். நான் போய் வந்த ஊரின் பெயர் தாலி. சிரிக்காதீர்கள், சீனர்கள் சொல்லும்போது நம் காதில் அப்படித்தான் விழுகிறது. தென்மேற்குச் சீனாவில், யுன்னான் மாகாணத்தில் இருக்கிறது. மேற்கே ட்ஸாங்ஷான் மலை, கிழக்கே ஏர்ஹாய் ஏரி, நடுவில் 1382இல் மிங் அரசு எழுப்பிய கோட்டை நகரம். அதற்கு முன் இது தனி நாடு. 1253இல் குப்லாய் கான் வந்துதான் பிடித்தார்.

கோட்டைக்குள் கூட்டம் நெரிகிறது. ஏரியை விடிகாலையில் பாருங்கள். மேற்குக் கரையில் மோட்டார் வண்டிகள் வராத பாதை உண்டு, வாடகை சைக்கிளும் கிடைக்கும். ஊருக்கு வடக்கே மூன்று கோபுரங்கள். பெரியது 9ஆம் நூற்றாண்டில் கட்டியது, சுமார் 69 மீட்டர். சீனாவில் புத்த கோபுரங்களுக்கு ஒற்றைப்படை அடுக்கு வைப்பதே வழக்கம்; இதற்கோ 16. அந்தக் காலத்தில் இங்கிருந்த தாந்திரிகத் துறவிகளுக்கு 'அஜாலி' என்று பெயர். நம்முடைய 'ஆசாரியர்'தான் அப்படித் திரிந்திருக்கிறார்.

சொல் திரிந்தது போதும், பால் திரிந்த கதைக்கு வருகிறேன். நம் வீட்டில் பால் திரிந்தால் அம்மாவின் முகம் மாறிவிடும். தாலியின் பாய் இன மக்கள் வேண்டுமென்றே திரிக்கிறார்கள். பாலுக்குப் பெரிய இடமில்லாத சீனச் சமையலில் இது அபூர்வம். வாணலியில் புளித்த நீரைச் சூடாக்கிப் பாலை ஊற்றிக் கிளறுவார்கள். திரண்டதும் பிசைந்து, நீளமாக இழுத்து, மூங்கில் கழிகளில் சுற்றிக் காயவைப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பழுப்பேறிய வேட்டி காய்வது போலிருக்கும். இதுதான் ரூஷான், அதாவது பால் விசிறி. தெருவில் கரி அடுப்பில் வாட்டி, ரோஜா ஜாம் தடவி, குச்சியில் சுருட்டித் தருவார்கள். நம் குல்கந்தை உப்பில்லாத பாலாடைக்கட்டியில் வைத்த மாதிரி. முதல் கடியில் புளிப்பும் ரப்பர் போன்ற இழுவையும், எனக்குப் பிடிக்கவில்லை. மாலையில் தானாகவே மறுபடி அந்தக் கடைக்குப் போய் நின்றேன்!

அப்புறம், வடக்கே ஷிஜோ என்ற சிற்றூரின் பாபா ரொட்டி. தம் பிரியாணிக்கு மூடியின் மேல் கங்கு போடுவோமே, அதுபோல மேலும் கீழும் தணல் வைத்துச் சுடுகிறார்கள். சைவர்கள் கவனிக்க: இனிப்பு ரொட்டியிலும் பன்றிக் கொழுப்பு சேர்வதுண்டு. கேட்டு வாங்குங்கள்.

விருந்தாளிக்கு அங்கே மூன்று சுற்றுத் தேநீர். முதல் கோப்பை ஒரே கசப்பு. மூன்றாவதில் தேனும் இஞ்சியும், நாக்கை மரக்க வைக்கும் சிச்சுவான் மிளகும். இனிப்பான இரண்டாவதில் அக்ரூட்டோடு ஏதோ வெள்ளையாக மிதந்தது. எடுத்து மென்று பார்த்தேன். சரி, அதே பால் விசிறி!

நன்றி, வணக்கம்.