காதால் தேடுகிறவன்

நேயர்களுக்கு வணக்கம்.

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தேடித் தரும் மெட்டல் டிடெக்டர் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தபோது, படம் காட்ட வழியில்லாத வானொலியில் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். யோசித்துப் பார்த்தால், இதற்கு வானொலியை விடப் பொருத்தமான இடம் கிடையாது. ஏனென்றால் இது காதால் செய்கிற பொழுதுபோக்கு. கால் நடக்கும், கை வீசும், கண் சும்மா தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வேலை முழுக்கக் காதுக்குத்தான்.

கருவி எளிமையானது. ஒரு கம்பு, அதன் நுனியில் தட்டு மாதிரி ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் செப்புக்கம்பிச் சுருள். அதில் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது கீழே மண்ணுக்குள் ஒரு காந்தப்புலம் விரிகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள்ளும் சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டங்கள் கிளம்பும். அவை தங்கள் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்ப, இரண்டாவது சுருள் அதைப் பிடித்து ஒலியாக்கித் தருகிறது. அவ்வளவுதான். ஆனால் திரும்பி வருகிற பதில் உலோகத்துக்கு உலோகம் வேறு. இரும்பு உறுமும். அலுமினியத் தாள் மெல்ல முனகும். வெள்ளிக்காசு உச்சஸ்தாயியில் மணி அடித்தது போல் தெளிவாக ஒலிக்கும். மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துகிற உலோகம் வெள்ளிதான்.

புதிதாகத் தொடங்கிய நாட்களில் எனக்கு எல்லாமே 'பீப்' தான். மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம், தோண்டுவதற்கு முன்பே 'இது வளைந்த ஆணி' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோண்டினேன், வளைந்த ஆணிதான். துருப்பிடித்த ஆணி ஏமாற்றுக்காரன். ஒரு பக்கமிருந்து வீசினால் வெள்ளி மாதிரி இனிமையாகப் பாடும். தொண்ணூறு பாகை திரும்பி நின்று குறுக்கே வீசினால் குரல் உடைந்து உறுமல் வந்துவிடும். அந்த உடைசலைக் காது பிடித்துக்கொண்ட அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷம், பிறகு ஒரு வெள்ளிக்காசு கிடைத்தபோதுகூட வரவில்லை.

இந்தக் கருவிக்கும் வானொலிக்கும் உறவு உண்டு. 1920களின் பிற்பகுதியில் கெர்ஹார்ட் ஃபிஷர் என்ற பொறியாளர் கலிஃபோர்னியாவில் ரேடியோ அலைகளை வைத்துத் திசை காணும் கருவிகளில் வேலை செய்துகொண்டிருந்தார். சில இடங்களில் மட்டும் கருவி தப்பாகவே திசை காட்டியது. அங்கெல்லாம் உலோகமோ உலோகத்தாதோ இருந்ததைக் கவனித்த அவர், அந்தத் தப்பையே ஒரு கருவியாக்கிக் காப்புரிமையும் வாங்கிவிட்டார்.

அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1881 ஜூலையில், அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து குண்டைத் தேடினார். காதில் தொலைபேசிக் குழாயை வைத்துக்கொண்டு அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கிடைக்கவில்லை. படுக்கையில் இருந்த இரும்புச் சுருள்கள் குழப்பின. அதோடு வலது பக்கத்தில் மட்டும் தேடச் சொன்னார் மருத்துவர். குண்டு இருந்ததோ இடது பக்கம். செப்டம்பரில் அதிபர் இறந்துபோனார். தேடச் சொன்ன இடத்தில் பொருள் இல்லாதபோது கருவியை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது?

சரி, என்னதான் கிடைக்கும் என்கிறீர்களா? பெரும்பாலும் குப்பை. பாட்டில் மூடி, அலுமினியத் தாள், கம்பித் துண்டு, அப்புறம் பானக் குவளைகளில் வளையத்தைப் பிடித்து இழுத்துத் திறப்பார்களே, அந்த வளையம். இந்த வளையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1960களில் வந்த வகையில் அது கையோடு கழன்று வந்துவிடும். வந்ததைத் தரையில் வீசிவிட்டுப் போனார்கள். 1970களின் நடுவில் குவளையோடே ஒட்டிக்கொண்டிருக்கும் வகை வந்தது. ஆகவே கழன்ற வளையங்கள் கொத்தாகக் கிடைத்தால், அந்தக் காலத்தில் அங்கே ஜனங்கள் உட்கார்ந்து குடித்துப் பேசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கையில் அழுக்கு வளையம்தான், ஆனால் ஒரு மரத்தடியும் ஒரு விடுமுறை மதியமும் தெரியும்.

இதில் ஒரு வம்பும் இருக்கிறது. அந்த வளையத்தின் ஒலியும் தங்க மோதிரத்தின் ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று. குறிப்பிட்ட ஒலிகளை வடிகட்டி அடக்கிவிடும் வசதி கருவியில் உண்டு. ஆனால் குப்பையை அடக்கினால் மோதிரமும் சேர்ந்து ஊமையாகிவிடும். மோதிரம் வேண்டுமானால் நூறு வளையத்துக்குக் குனிந்தாக வேண்டும். முதுகு வலிக்கும், ஆனால் எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

மோதிரம் என்றதும் ஒரு நாள் ஞாபகத்துக்கு வருகிறது. கடற்கரையில் ஒரு இளைஞர் ஓடி வந்து, 'சார், உங்க மெஷின்ல மோதிரம் கண்டுபிடிக்க முடியுமா?' என்று கேட்டார். மனைவி தள்ளி நின்றிருந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. எங்கே விழுந்தது என்றால் 'இங்கேதான்' என்று ஒரு வீட்டளவு மணலைக் காட்டினார். தொலைத்தவர்கள் காட்டும் இடத்தை நான் நம்புவதில்லை. கடைசியாக எப்போது விரலில் பார்த்தீர்கள் என்றுதான் கேட்பேன். பந்து பிடிக்கத் தாவியபோது இருந்ததாம். தாவிய இடத்திலிருந்து, ஒரு வீச்சு அடுத்த வீச்சின் மேல் பாதி ஏறும்படி, நெல் நாற்று நடுகிறவர்கள் மாதிரி வரிசை பிடித்துப் பின்னோக்கி நடந்தேன். ஆறு மூடி, ஒரு சாவி வளையம். நாற்பது நிமிடம் கழித்து ஒரு மென்மையான ஒலி. இரண்டு திசையிலும் உடையவில்லை. துளையுள்ள கரண்டியால் அள்ளிச் சலித்தேன். மணல் இறங்க இறங்க, கரண்டியில் 'டிங்' என்று ஒரு சத்தம். அதை அந்தப் பெண்ணும் கேட்டுவிட்டார். திரும்பிய முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. கிடைத்ததைத் திருப்பிக் கொடுப்பதில் இவ்வளவு இருக்கிறது என்று, கருவி வாங்கியபோது எனக்கு யாரும் சொல்லவில்லை.

தோண்டாமல் இருப்பதற்கும் கற்றுக்கொள்ள வேண்டும். நிலத்துக்காரரைக் கேட்காமல் காலை வைக்கக்கூடாது, தோண்டிய குழியை மூடாமல் நகரக்கூடாது. பழைய போர்க்களங்களில் வெடிக்காத குண்டுகள் கிடக்கும், அங்கே வீரம் வேண்டாம். சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் புதையல் என்று சட்டம் வகுத்திருக்கும் பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். அயர்லாந்தில் தொல்பொருள் தேடிக் கருவியோடு இறங்கவே முன் அனுமதி தேவை. இதைக் கெடுபிடி என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொருள் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் பாதி விஷயம். பிடுங்கி எடுத்துவிட்டால் அது போய்விடும்.

லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தைப் பாருங்கள். 1876இல் அமெரிக்கக் குதிரைப்படையும் பழங்குடி வீரர்களும் மோதிய இடம். 1983இல் புல்வெளி தீப்பிடித்து எரிந்து தரை வெளியே தெரிந்தது. அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் கூப்பிட்டது நம்மைப் போன்ற ஆட்களைத்தான். கருவிகளோடு வரிசையாக நடந்தார்கள்; ஒலி வந்த இடத்திலெல்லாம் கொடி நட்டார்கள். கிடைத்த தோட்டா உறைகளில் துப்பாக்கி ஊசி குத்திய தடம் இருந்தது. அந்தத் தடத்தை வைத்து, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றுகூடச் சொல்ல முடிந்தது. நூறு வருஷத்துக்கு மேல் மண்ணில் கிடந்த உலோகக் குப்பிகள் அவை.

இன்னொன்று. 1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்ஸன் கிராமத்தில் ஒரு விவசாயி வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடித் தரச் சொல்லி நண்பர் எரிக் லாஸைக் கூப்பிட்டார். சுத்தியலைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தது ரோமானியர் காலத்துக் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் தங்க நகைகளும். லாஸ் அதற்குமேல் தோண்டவில்லை, அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். அதனால்தான் எல்லாம் ஒரு மரப்பெட்டியில் எப்படி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்பதுவரை ஆய்வாளர்களால் கண்டறிய முடிந்தது. காசுகள் மட்டும் 14,865. அந்தச் சுத்தியலும் கிடைத்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் புதையலோடு அதுவும் இருக்கிறது.

நானும் ஒருமுறை தொலைந்ததைத் தேடிப் போயிருக்கிறேன். ஒரு வயலில் காலையெல்லாம் குனிந்து நிமிர்ந்ததில் சட்டைப்பையிலிருந்து என் வீட்டுச் சாவி விழுந்துவிட்டது. கருவி கையில் இருக்க என்ன கவலை என்று நடந்த தடத்திலேயே திரும்ப நடந்தேன். இருட்டும் நேரத்தில் நல்ல ஒலி. சின்னக் கரணையால் மண்ணைக் கிளறினேன். சாவிதான். ஆனால் என்னுடையது இல்லை. கை நீளத்தில், துருவேறி, தலையில் வட்டமான துளையோடு ஏதோ பழங்காலத்துச் சாவி. அன்றைக்கு வீட்டுப் பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனேன்.

அந்தச் சாவி எந்தக் கதவுடையதோ தெரியாது. என் மேஜைக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், அந்த ஆணியும் தோண்டி எடுத்ததுதான். என்னுடைய சாவி இன்னும் அந்த வயலில் கிடக்கிறது. யாருக்காவது கிடைத்தால் சிரமப்பட வேண்டாம், பூட்டை மாற்றிவிட்டேன்.

வணக்கம்.