ஒரு கால் இடம் மாறினால்

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம். பேச்சைத் தொடங்கும் முன் கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதிவிடுகிறேன்: 'போன'.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சொல்வதை எழுதும் நோட்டில் எழுதிய சொல் இது. நான் சொன்னது 'பேனா'. சிவப்பு மையால் சுழித்தேன். பத்துக்கு இரண்டு மதிப்பெண். தப்பை எல்லாம் ஐம்பது தடவை எழுதி வா என்றேன். மறுநாள் எழுதிக்கொண்டு வந்தான். முதல் நான்கு வரியில் 'பேனா' இருந்தது, அதற்குக் கீழே பக்கம் முழுக்க 'போன'. திமிர் என்று நினைத்து வராந்தாவில் முட்டி போட வைத்தேன். நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஆறு வருடம். ஐந்தாம் வகுப்போடு அந்தப் பிள்ளையின் படிப்பு நின்றுபோனது. என் மனதில் அது இன்னும் ஆறவில்லை.

இப்போது அந்தச் சொல்லை நன்றாகப் பாருங்கள். 'பேனா' என்று எழுத என்னென்ன வேண்டும்? ஒரு இரட்டைக் கொம்பு, ஒரு ப, ஒரு ன, ஒரு துணைக்கால். அவன் எழுதியதில் எது விட்டுப்போயிருக்கிறது? எதுவுமே இல்லை. நான்கும் இருக்கின்றன. ன-வுக்குப் பின்னால் வர வேண்டிய கால், ப-வுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது, அவ்வளவுதான். சோம்பேறிப் பிள்ளை ஏதாவது ஒன்றை விட்டுவிடும். இவன் எதையும் விடவில்லை. காதில் விழுந்ததை எல்லாம் பிடித்து வைத்திருக்கிறான், வரிசைதான் அவனுக்குக் கைகூடவில்லை. டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புக் குறைபாட்டை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே அந்த நோட்டு எனக்குக் காட்டியிருந்தது. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

நம் எழுத்தில் இந்தப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் எது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'தே' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது த், பிறகுதான் ஏ. தாளில் முதலில் நிற்பதோ கொம்பு. 'கோ' என்றால் இன்னும் கஷ்டம், ஒரே ஓசை எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துகளின் தனி வடிவங்கள் போனதில் சின்னப் பிள்ளைகளுக்கு எவ்வளவோ பாரம் இறங்கியது. கொம்பு மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இவற்றோடு ல, ள, ழ இருக்கிறது, ர, ற இருக்கிறது, ந, ன, ண இருக்கிறது. வீட்டில் 'வந்துச்சு' என்று பேசும் பிள்ளை பாடத்தில் 'வந்தது' என்று படிக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ஏறுகிற மேடுதான் இது. சிலருக்கு மட்டும் செங்குத்தாக இருக்கிறது.

1896-இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பெர்சி என்ற தன் பெயரையே 'பிரெசி' என்று எழுதியவன். கணக்கில் தடுமாற்றம் இல்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொல்லியிருக்கிறார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்னமும் எழுதச் சொல்லித்தான் அறிவை அளக்கிறோம். காந்த விசையை அழகாக விளக்கிச் சொல்லும் பிள்ளைக்கு அறிவியலில் ஏன் மதிப்பெண் குறைகிறது? விடையைப் படித்துப் பார்த்து அறிவியலுக்கு மதிப்பெண் போடுங்கள். எழுத்துப்பிழையை வேறு நாளில், வேறு நோட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

'அடுத்த பத்தியை நீ படி' என்று திடீரென்று எழுப்பி விடாதீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் வகுப்பு சிரிக்கும் சிரிப்பு பிள்ளையின் நெஞ்சில் வருடக்கணக்கில் தங்கும். எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லிவிட்டால் வீட்டில் யாரோடாவது உட்கார்ந்து படித்துவிட்டு வரும். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதும் அப்படித்தான். தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிவதற்குள் இடம் தவறிவிடும். அதையே ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்தால் பாதிச் சிரமம் போய்விடும். கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு வாய்ப்பாட்டு அட்டையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

மணலில் விரலால் எழுதிக்கொண்டே ஓசையைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். கண், காது, வாய், விரல் நான்கும் சேர்ந்து கற்கும். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் முதல் பாடமாக இருந்தது. இன்று வெளிநாட்டுப் பயிற்சிமுறை என்று அதே மணல் தட்டு திரும்பி வந்திருக்கிறது. சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். ஐம்பது தடவை எழுதும் தண்டனை மட்டும் வேண்டவே வேண்டாம். தப்பான வடிவத்தைக் கையே மனப்பாடம் செய்துவிடும்.

இன்னொன்று, நாமே பெயர் சூட்டிவிடக் கூடாது. ஒன்றாம் வகுப்பில் எழுத்தைத் திருப்பிப் போடாத பிள்ளை குறைவு, அதற்குப் பயப்பட வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பிறகும் தடுமாற்றம் தொடர்ந்தால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் அனுப்புங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைப்படுத்தும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்டு வாங்கலாம். பத்தாம் வகுப்பில் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடாதீர்கள். பெற்றோரிடம் பேசும்போது பிள்ளைக்கு என்ன நன்றாக வருகிறது என்பதில் தொடங்குங்கள். அந்த அம்மா அதுவரை பள்ளியில் கேட்டதெல்லாம் புகார்தான்.

பல வருடம் கழித்து என் வகுப்புக்கு இன்னொரு பிள்ளை வந்தாள். அதே மாதிரி நோட்டு. இந்த முறை சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. பழைய நாட்காட்டி அட்டையை வெட்டினேன். கொம்புக்குச் சிவப்பு, காலுக்குப் பச்சை, எழுத்துகளுக்கு நீலம். 'பே', 'னா' என்று இரண்டு தடவை கைதட்டிவிட்டு அட்டைகளை அடுக்குவோம். மூன்றாவது வாரம் அவள் அடுக்கினது 'போன'. நான் வாயைத் திறக்கவில்லை. விரலை வைத்துத் தானே படித்தாள். நெற்றியைச் சுருக்கினாள். பச்சை அட்டையை எடுத்து ன-வுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இப்ப பேனா, டீச்சர்" என்றாள்.

அந்த அட்டைகளில் முப்பது கட்டு செய்து கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் வருவதற்குள் பெஞ்சுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 'யானை'யில் தொடங்குவோம்.